சின்சில்லாவுக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறியை வைத்துப் பார்க்கும் வழி

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மிளகு, சுக்கு என்று இரண்டு ஆண் சின்சில்லாக்கள் (அடர்ந்த ரோமம் உள்ள கொறிக்கும் பிராணி) இருக்கின்றன, அண்ணன் தம்பி, வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அதே நாலைந்து பிரச்சினைகள்தான் மாறி மாறி வந்திருக்கின்றன. தெரிந்தவர்கள் ராத்திரியில் போன் செய்து கேட்பதும் அதே நாலைந்துதான். அதனால் நான் எந்த வரிசையில் பார்ப்பேனோ அதே வரிசையில் இங்கே எழுதி வைக்கிறேன். எளிதான காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் பின்னால், எந்த இடத்தில் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதும் கூடவே.

சிங்கப்பூரில் முள்ளெலி வளர்க்க அனுமதி கிடையாது, சின்சில்லாவுக்கு உண்டு. அதனால் "வேறு எதுவும் கிடைக்கவில்லை, இதையே வாங்கிக்கொண்டேன்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை: இது ஆண்டிஸ் மலையின் வறண்ட குளிருக்குப் பழகிய உடம்பு, பத்து பதினைந்து வருடம் உயிரோடு இருக்கும், அத்தனை வருடமும் அதன் அறையில் ஏசி ஓட வேண்டும். அந்த மின்கட்டணத்துக்கு வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்: தராசும் தட்டும்

சின்சில்லா நோவை மறைக்கும். கத்தாது, முனகாது, நாம் பக்கத்தில் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து உட்காரும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சோர்ந்துவிட்டது என்றால் நோய் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் நான் நம்புவது இரண்டு பொருள்களை. ஒன்று, சமையலறை டிஜிட்டல் தராசு. ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்து, வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதிவிடுவேன். வளர்ந்த சின்சில்லா பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் வரை இருக்கும், பெண் கொஞ்சம் பெரிது. உங்கள் செல்லத்தின் எண் என்ன என்பது முக்கியம் இல்லை, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு வாரத்தில் 20 கிராம் குறைந்தால் தினமும் நிறுத்துப் பாருங்கள், 50 கிராம் குறைந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, கூண்டின் அடித்தட்டு. நலமாக இருக்கும் சின்சில்லா ஒரு நாளைக்கு 200க்கு மேல் புழுக்கை போடும், ஒவ்வொன்றும் கெட்டியாக, காய்ந்து, ஒரே அளவில், வாசனையே இல்லாமல் இருக்கும். எண்ண வேண்டியதில்லை. தினமும் தட்டைத் தட்டிக் கொட்டுபவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும்.

## காது சிவந்து, தரையோடு தரையாகக் கிடக்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம், இங்கே கணக்கு நிமிடத்தில். சின்சில்லாவுக்கு வியர்க்காது, ரோமமோ ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பது அறுபது முடி முளைக்கிற அடர்த்தி. 16 முதல் 21 டிகிரி வரை அதற்குச் சுகம், 25ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடும்.

சும்மா தூங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சில சின்சில்லா பகலில் பக்கவாட்டில் சரிந்து அசந்து தூங்கும், பார்க்கிற நமக்குத்தான் பகீரென்றிருக்கும். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, காதைத் திருப்பினால் பயம் இல்லை.

போன வருடம் ஒரு பிள்ளை மத்தியானம் போன் செய்தாள். "அக்கா, துணி மாதிரி விழுந்து கிடக்கு, கூப்பிட்டா தலையைக்கூடத் தூக்கலை." காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "சுடுது அக்கா. நரம்பெல்லாம் தெரியுது." அறையில் ஏசி எப்போதோ நின்றுபோயிருந்தது, கூண்டுப் பக்கம் 30 டிகிரி.

அப்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். ஏசி வேலை செய்யும் வேறு அறைக்கு உடனே மாற்றுங்கள், வெறும் தரையில் அல்லது மார்பிள் பலகையில் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து காதையும் பாதங்களையும் ஒற்றி எடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், ஐஸில் வைக்கவே வேண்டாம், திடீர்க் குளிர் அதிர்ச்சியே ஆளைக் கொன்றுவிடும். தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். வெறும் மின்விசிறியை நம்ப வேண்டாம், வியர்க்காத உடம்பில் சூடான காற்று பட்டு ஒரு பயனும் இல்லை.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, எச்சில் வழிகிறது, தள்ளாடுகிறது, வலிப்பு வருகிறது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள். டாக்சி ஓட்டுநரிடம் ஏசியைக் கூட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தெளிந்து எழுந்துவிட்டாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு அடுத்த நாள்கூடத் தெரியவரலாம். அந்தப் பிள்ளையின் சின்சில்லா பிழைத்தது, முன்பு மாதிரி சாப்பிட மட்டும் மூன்று நாள் ஆனது.

ஆபத்து தாண்டிய பிறகு காரணத்தைத் தேடுங்கள். ரிமோட்டில் 20 என்று இருப்பது கூண்டின் வெப்பம் ஆகாது. கூண்டின் மேல் தட்டில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும், ஈரப்பதமும் காட்டுகிற வகை சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). மேற்கு பார்த்த ஜன்னலா, டைமர் இடையில் அணைக்கிறதா, ஏசி வடிகட்டி அடைத்திருக்கிறதா, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, நம் ஊரில் அதற்கு ஏசி மட்டும் போதாமல் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் தேவைப்படலாம். சின்சில்லா வளர்ப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 150ஐத் தாண்டக் கூடாது. 20 டிகிரி என்பது 68 ஃபாரன்ஹீட், ஈரம் 60 என்றால் 128, சரி. 28 டிகிரியும் 80 சதவீதமும் என்றால் 162. அதுதான் ஏசி இல்லாத நம் வரவேற்பறை.

## சாப்பிடவில்லை, தட்டில் புழுக்கை குறைந்துவிட்டது

சின்சில்லாவின் குடல் நின்றால் உயிர் போய்விடும், அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. அதனால் "நாளைக்குப் பார்ப்போம்" என்பது இந்தத் தலைப்பில் கிடையாது. ஆனால் பதற்றத்துக்கு முன்னால் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது.

தண்ணீர்ப் புட்டியைப் பாருங்கள். குழாய் நுனியில் உள்ள குண்டை விரலால் தள்ளி, சொட்டு வருகிறதா என்று பாருங்கள். எனக்கு முதன்முதலில் வந்த "சாப்பிடவில்லை" இதுதான். புட்டி நிறைய தண்ணீர் இருந்தது, குண்டு சிக்கியிருந்தது, சுக்கு ஓர் இரவும் பகலும் தாகத்தோடு இருந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த புல் தொண்டையில் இறங்குமா? அன்றிலிருந்து புட்டி இரண்டு.

அடுத்தது புல். திமோத்தி புல்லைப் பையிலிருந்து எடுத்து மூக்கருகே வைத்தால் தேயிலை மாதிரி மணக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பாதிப் பை காலியாவதற்குள் பூஞ்சை வாடை அடித்துவிடும், சின்சில்லா தொடாது, தொடவும் கூடாது. அப்புறம், பெல்லட் (கடையில் வாங்கும் உருளைத் தீவனம்) பிராண்டைத் திடீரென்று மாற்றினீர்களா, வீட்டில் யாராவது திராட்சை, வேர்க்கடலை, பிஸ்கட் கொடுத்தார்களா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் தாத்தா பாசத்தில் தினமும் ஒரு உலர்திராட்சை கொடுத்துவந்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சர்க்கரையும் கொழுப்பும் அந்தக் குடலுக்கு ஆகாது. சாப்பாட்டில் பெரும்பகுதி புல்தான், பெல்லட் ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு மேசைக்கரண்டி போதும்.

இவை எதுவும் இல்லை என்றால், இப்போது கவனமாகப் பாருங்கள்.

### சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிறது, எடுக்கிறது, கீழே போட்டுவிடுகிறது

பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை. பல் பிரச்சினை, அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

### சாப்பாட்டுத் தட்டுப் பக்கமே வரவில்லை, மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது

வயிற்றை மெதுவாகத் தொடுங்கள். பந்து மாதிரி உப்பி இறுகியிருந்தால், அல்லது வயிற்றைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நீட்டினால், இது வாயு அல்லது அடைப்பு. இந்த நிலையில் சிரிஞ்சால் உணவு ஊட்டவே கூடாது, அடைப்பு இருந்தால் நிலைமை மோசமாகும். இரவு இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள்.

வயிறு மென்மையாக இருக்கிறது, ஆனால் 12 மணி நேரமாக எதுவும் உள்ளே போகவில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டர்தான். போவதற்குள் போனில் கேட்டு, அவர் சரி என்றால், கிரிட்டிகல் கேர் மாதிரியான, நோயுற்ற பிராணிகளுக்கு ஊட்டும் உணவுப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் துளித் துளியாகக் கொடுக்கலாம். மெல்வதற்கு நேரம் கொடுங்கள், நேராகத் தொண்டைக்குள் தள்ளினால் நுரையீரலுக்குப் போய்விடும். இதற்கான பொடியும் சிரிஞ்சும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் மீந்த அமாக்சிசிலின் மாதிரியான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவை வாய்வழி போனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, சின்சில்லாவைக் கொன்றுவிடும். சின்சில்லா பார்த்துப் பழக்கமில்லாத டாக்டர் எழுதிக்கொடுத்தாலும், "இது வாய்வழி கொடுக்கலாமா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

## தாடை ஈரம், எச்சில், ஒரு கண்ணில் மட்டும் நீர்

மிளகுக்கு இது ஆறாவது வயதில் தொடங்கியது. பெல்லட்டை எடுக்கும், இரண்டு கையாலும் திருப்பும், ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போடும், உடனே வலது கையால் வாயோரத்தைத் துடைக்கும், மறுபடி இன்னொன்றை எடுக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், இப்போது அதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. மோவாய்க்குக் கீழே ரோமம் ஈரத்தில் ஒட்டிப்போய் முள் முள்ளாக நின்றதைப் பார்த்த பிறகுதான் காலண்டரைத் திருப்பினேன். 560, 538, 515. மூன்று வாரமாக எண் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, எழுதினேனே தவிர முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

வீட்டில் பார்க்க முடிந்தது மூன்று. முன்பல் வளர்ந்த சின்சில்லாவுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ஏதோ குறை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நேராகச் சந்திக்க வேண்டும். கீழ்த் தாடையின் அடியில் விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும், மேடு தட்டினால் கடைவாய்ப் பல்லின் வேர் கீழ்நோக்கி வளர்கிறது என்று சந்தேகப்படலாம்.

கண்ணில் மட்டும் நீர் என்றால், முதலில் தூசிக் குளியல் பாத்திரத்தை (ரோமத்தைச் சுத்தம் செய்ய அது புரளும் தூசி இருப்பது) இரண்டு நாள் எடுத்துவிட்டு, மருந்துக்கடை உப்புநீர்க் கரைசலால் (சலைன்) துடைத்துப் பாருங்கள். தூசி உறுத்தலாக இருந்தால் சரியாகிவிடும். நிற்கவில்லை என்றால் மேல் பல்லின் வேர் கண் பக்கம் அழுத்தலாம்.

கடைவாய்ப் பல் நம் கண்ணுக்குத் தெரியாது. மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். செலவு சில நூறு வெள்ளி, முதல் தடவையே. கூர்முனை மட்டும் இருந்தால் தேய்த்துவிடுவார்கள், ஆனால் பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும். மிளகு இப்போது சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறது. வேர் உள்நோக்கி வளர்ந்திருந்தால் முழுக் குணம் கிடையாது, வலியைக் குறைத்து எத்தனை நாள் நன்றாக வைத்திருக்கலாம் என்பதை டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். முன்பல்லை நகவெட்டியால் நாமே வெட்டுவது வேண்டவே வேண்டாம், பல் நீளவாக்கில் பிளந்துவிடும்.

## புழுக்கை இளகியிருக்கிறது

உருவம் இருக்கிறது, கொஞ்சம் மென்மை, ஆள் துறுதுறு என்றிருக்கிறது: பெல்லட்டையும் தின்பண்டத்தையும் நிறுத்தி ஒரு நாள் புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் அடுத்த நாளே கெட்டியாகிவிடும். புது பெல்லட் என்றால் பழையதோடு கலந்து பத்து நாளில் மாற்றுங்கள்.

ஒரு நாள் தாண்டியும் சரியாகவில்லை என்றால் புதுப் புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள், ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது மனிதருக்கும் பரவக்கூடியது என்பதால் கையைக் கழுவுங்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். தண்ணீராகப் போகிறது, வால் நனைந்திருக்கிறது என்றால் ஒரு நாள் காத்திருக்கும் பேச்சே இல்லை.

## முடி

கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. பயத்தில் உதறிவிட்டது. பருந்தின் பிடியிலிருந்து தப்பிக்க அதற்கு இருக்கும் வழி அது. தோல் வழவழவென்று சுத்தமாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், சில மாதத்தில் நிறைந்துவிடும். துரத்திப் பிடிக்காதீர்கள், அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

கத்தரித்ததுபோல் குட்டையாக, இடுப்பிலும் விலாவிலும். தன் முடியைத் தானே கடிக்கிறது, அல்லது கூட்டாளி கடிக்கிறது. சூடு, சத்தம், இட நெருக்கடி, கடிக்க எதுவும் இல்லாமை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுப் புதுப்பிப்பு வேலை. துளைப்பான் சத்தம் நின்று ஒரு மாதத்தில் சுக்கு கடிப்பதை நிறுத்தியது. ஆப்பிள், வில்லோ குச்சிகள் நல்லவை, தேவதாரு மரம் வேண்டாம்.

மூக்கு, கண்ணோரம், பாதத்தில் வட்டமாக உதிர்ந்து செதில். படர்தாமரை என்று எடுத்துக்கொள்ளுங்கள், நமக்கும் ஒட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தூசி முழுவதையும் கொட்டிவிடுங்கள், டாக்டர் கொஞ்சம் முடியும் செதிலும் எடுத்துச் சோதிக்கட்டும். மருந்து சில வாரம் போகும்.

பிசுபிசுவென்று ஒட்டிப்போன ரோமம். தூசிக் குளியல் போதவில்லை. வாரம் மூன்று முறை, பதினைந்து நிமிடம், பிறகு பாத்திரத்தை எடுத்துவிட வேண்டும். எரிமலைக் கல்லிலிருந்து வரும் மாவு மாதிரியான தூசிதான் வேண்டும், கடற்கரை மணலும் முகப் பவுடரும் கூடாது. தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள், அந்த அடர்த்தி அடிவரை காயவே காயாது.

## நொண்டுகிறது

காலைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலில் சிவந்து, தோல் வெடித்திருந்தால் கம்பித் தரைதான் காரணம், அதன்மேல் கனமான ஃபிளீஸ் துணி விரியுங்கள். புண் திறந்திருந்தால் டாக்டர். கால் தொங்குகிறது, ஊன்றவே இல்லை என்றால் எலும்பு முறிவு, சின்சில்லாவின் கால் எலும்பு குச்சி மாதிரி மெல்லியது. தட்டுகள் இல்லாத சின்னப் பெட்டியில் போட்டு, கட்டு எதுவும் போடாமல், உடனே கொண்டுபோங்கள். காலை எடுக்க வேண்டி வந்தாலும் மனமுடைய வேண்டாம், மூன்று காலில் நன்றாகவே வாழும். பிறகு கூண்டில் அது ஓடும் சுழல் சக்கரத்தைப் பாருங்கள். 38 செ.மீ.க்குக் குறையாமல், கம்பி இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

## ஆண் சின்சில்லா அடிக்கடி குனிந்து நக்குகிறது

பலர் சொல்லக் கூச்சப்படுவது, அதனாலேயே தாமதமாவது. ஆண்குறியின் உறைக்குள் முடி வளையமாகச் சுற்றிக்கொள்ளும், விட்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். மாதம் ஒருமுறை உறையை மெதுவாகப் பின்தள்ளிப் பாருங்கள், முதல் தடவை டாக்டரிடம் செய்முறை கேட்டுக்கொள்ளுங்கள். நீர் சார்ந்த வழவழப்பு ஜெல் தடவினால் வளையம் நழுவி வந்துவிடும். வீங்கியிருந்தாலோ, கருஞ்சிவப்பாக இருந்தாலோ, உள்ளே போகாமல் நின்றாலோ இழுக்காதீர்கள், அன்றைக்கே டாக்டர்.

## ராத்திரி மூன்று மணிக்குக் குரைக்கிறது

நோய் இல்லை. அது விழித்திருக்கும் நேரம் அதுதான், ஏதோ சத்தத்துக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. விளக்கைப் போட்டு ஓடாதீர்கள், இருட்டிலேயே பெயரைச் சொல்லித் தாழ்ந்த குரலில் கூப்பிட்டால் போதும். இரண்டில் ஒன்று கத்தி, கூடவே ஓடித் துரத்தும் சத்தமும் கேட்டால் மட்டும் எழுந்து பாருங்கள். ரத்தம் தெரிந்தால் அப்போதே தனித்தனிக் கூண்டு. எங்கள் வீட்டில் பெரும்பாலும் காரணம் குப்பைக் குழாயில் விழும் புட்டிதான், நான் "சுக்கு, ஒண்ணுமில்லடா" என்று சொன்னதும் இரண்டு தடவை முனகிவிட்டுப் புல் மெல்லப் போய்விடும், அந்த மெல்லும் சத்தம் கேட்ட பிறகு நான் மறுபடி தூங்கிவிடுவேன்.